மாப்பிள்ளையின் ஆலைமேல் மாமியார் கொடுத்த மனு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்பதை முழுதும் படித்துவிட்டு நீயே சொல். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் நீ வார்டில் நின்று நின்று களைத்துப்போய் "ம், ம்" என்கிறாய். நானும் நல்லதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன். காகிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

உனக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லாமல் இருக்க நம் தெருவுக்கு வாய் ஒன்றும் வலிக்கவில்லை. ஆமாம், தார்க் கலவை ஆலையின்மேல் மனு கொடுத்தது நான்தான். அங்கே சூப்பர்வைசராக இருப்பது உன் புருஷன், என் சொந்த மாப்பிள்ளை என்பது தெரிந்துதான் கொடுத்தேன்.

நீ நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போன பிறகு இங்கே சாலை வேலைகள் கூடிவிட்டன. ஆலை காலையிலும் ஓடுகிறது, மாலையிலும் ஓடுகிறது. கல்லைச் சூடாக்குகிற அந்தப் பெரிய உருளைக்குக் கழிவு எண்ணெயை எரிக்கிறார்கள். கருப்புப் புகை ஒரு பக்கம், கல் தூசி ஒரு பக்கம், தாரின் நாற்றம் ஒரு பக்கம். மூன்றும் சேர்ந்து நேரே வந்து உட்காரும் இடம் நம் மொட்டைமாடிக் கொடி. நம்மிடம் சலவைக்கு வருகிற ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் துவைத்து வெள்ளை வெளேரென்று விரித்துவிட்டுக் கீழே இறங்கி, திரும்பப் போய் எடுத்தால் மிளகுத்தூள் தூவியதுபோல் இருக்கிறது. உள்ளே விசிறி போட்டு உலர்த்திப் பார்த்தேன். புள்ளி போயிற்று, நாற்றம் போகவில்லை. பிரசவ வார்டுக்குப் போன துணி அத்தனையும் வேண்டாமென்று திரும்பி வந்துவிட்டது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிறந்த பிள்ளை முதல் மூச்சிலேயே ரோட்டு வேலையை முகர்ந்தால் இந்த உலகத்தைப் பற்றி என்ன நினைக்கும்?

தெருவில் எல்லாருக்கும் கோபம்தான். ஆனால் காகிதத்தை நீட்டியதும் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். தையற்கடைக்காரம்மா வாய்விட்டே கேட்டுவிட்டாள், "உங்க மாப்பிள்ளை ஆலையாச்சே, நீங்க போட்டா நாங்களும் போடறோம்" என்று. போட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது.

மனுவின் நகலை ஆலை வாசலிலேயே ஒட்டிவிட்டார்களாம். மாப்பிள்ளை அதைப் படித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்து நானும் பதிலுக்குக் கத்தத் தயாராகத்தான் நின்றேன். கத்தவில்லை. மேலே போய் இரண்டு சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கினார். "நான் இங்க இருந்தா உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம் அத்தை. கொஞ்ச நாள் ஆலை அறையிலயே படுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். வேறு எங்கே போயிருந்தாலும் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அந்தப் புகையின் மடியிலேயே போய்ப் படுத்திருக்கிறார்.

இஸ்திரிக்காரரிடம் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறேன். டிபன் கேரியர் கழுவித் துடைத்துப் பளபளவென்று திரும்பி வருகிறது. ஒரு வார்த்தை வருவதில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் அனுப்பினேன், குறை சொல்லவாவது வாயைத் திறக்கட்டும் என்று. அன்றைக்கும் காலியாகத்தான் வந்தது. இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படியம்மா சண்டை போடுவது?

மேல்மாடியில் இப்போது சத்தமே இல்லை. விடிந்ததும் விழிப்பு வந்து, கூரையைப் பார்த்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கிறேன். எதைக் கேட்பதற்கு என்று கேட்காதே.

நீ யார் பக்கமும் பேச வேண்டாம். அவருக்கு எழுதினால் அன்பாக எழுது. என்னைத் திட்டுவதென்றால் எனக்குத் தனியாக எழுது. வேளைக்குச் சாப்பிடு. குளிரில் தலை நனைக்காதே.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா

-

என் அன்பானவளுக்கு,

"அம்மாவிடம் போய்ப் பேசுங்கள்" என்று ஒரே வரியில் எழுதியிருந்தாய். இத்தனை மைல் தாண்டி அந்த ஒரு வரி வந்த வேகத்தில் முதுகில் அடி விழுந்ததுபோல் இருந்தது. பேசிவிட்டேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் விசாரணை. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். தடிமனான கண்ணாடி, மெதுவான குரல். மேசைக்கு ஒரு பக்கம் முதலாளியும் நானும். எதிர்ப்பக்கம் தெருக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் உன் அம்மா. நானும் அத்தையும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பட்ட பாட்டில் இரண்டு பேருக்கும் கழுத்து சுளுக்கியிருக்கும். அந்த அதிகாரி நம் தெருவில் கருவி வைத்து அளந்ததைப் படித்தார். இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு தூசி. பிறகு நேராக என்னிடம், புகைபோக்கியில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமுக்கும் அமைப்பு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கேட்டார். மேசைக்கடியில் முதலாளி என் காலை மிதித்தார். "பாதிக் குழாய் அடைச்சிருக்குங்க. மாத்தணும்னு எழுதிக் கொடுத்திருக்கேன்" என்றேன். இன்னும் பலமாக மிதித்தார். எல்லாவற்றையும் சரிசெய்து காட்டும்வரை ஆலையை ஓட்டக் கூடாது என்று உத்தரவாகிவிட்டது.

வெளியே வந்ததும் முதலாளி என்னைக் காருக்குள் உட்கார வைத்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள பேசி முடிக்க வேண்டியதை வீதிக்குக் கொண்டுவந்துட்டீங்க. உங்க மாமியார் வாபஸ் வாங்கினா மத்தவங்க தானா அடங்கிடுவாங்க. குழாயை மட்டும் மாத்திட்டுப் பழையபடி ஓட்டிக்கலாம். இல்லைன்னா ஆலையைப் பிரிச்சு வேற ஊருக்குக் கொண்டுபோயிடுவேன். உங்க ஆளுங்க கதியை நீங்களே யோசிச்சுக்கங்க" என்றார். ஆலையில் தீக்குச்சி என்று கூப்பிடுவோமே, அவர் நினைவுக்கு வந்தார். உருளைக்கு நெருப்பு வைக்கிறவர்; நம் கல்யாணத்துக்கு வந்து, சாப்பாட்டை அவர் ஒரு பிடி பிடித்த விதத்தில் நீ சிரித்தாயே, அவர்தான். அவருக்கு இந்த வேலையை விட்டால் வேறு தெரியாது.

அதனால்தான் போனேன். ஒளிக்க என்ன இருக்கிறது, உன் வரிக்காகவும் போனேன், முதலாளியின் வார்த்தைக்காகவும் போனேன்.

அத்தை கூடத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. போர்வையின் இரண்டு முனைகளை என் கையில் கொடுத்தார். நான் அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம். இழுத்து, சேர்த்து, மடித்து, அடுத்த போர்வை. அப்படியே பேச ஆரம்பித்தேன். தீக்குச்சியைப் பற்றிச் சொன்னேன். முதலாளி சொன்னதைச் சொன்னேன். முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. உனக்குத் தெரியாது, நீ போனபிறகுதான் அது அதிகமானது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் ஆளை விடாது. அன்றைக்குச் சாயங்காலமும் வந்துவிட்டது. அத்தை போர்வையைத் தாழவிடாமல் பிடித்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

பிறகு, "வாபஸ் வாங்கிக்கறேன் மாப்பிள்ளை" என்றார்.

காதில் சரியாக விழவில்லையோ என்று நினைத்தேன். "இப்பவே வேணும்னாலும் எழுதித் தரேன். ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வந்து நெஞ்சைக் காட்டணும்" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போ இந்தப் போர்வையெல்லாம் என்று கேட்டேன். "போர்வையை மறுபடி துவைச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். நீவி முடிந்தும் நீவிக்கொண்டிருந்தார். "உங்க மாமனாருக்கும் இப்படித்தான், காலையிலதான் வரும். கல் உடைக்கிற ஆலைத் தூசி. வெறும் சளின்னு சொன்னாரு. நானும் சளின்னே நம்பினேன்."

அவ்வளவுதான் சொன்னார். உன் அப்பா நெஞ்சு நோயில் போனார் என்று மட்டும்தான் நீ எனக்குச் சொல்லியிருக்கிறாய். நீயே அப்போது சின்னப் பெண். நான் மேலே தினமும் இருமிக்கொண்டிருந்தபோது கீழே ஒருவர் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். மனுவில் எழுதியிருந்ததெல்லாம் துணியைப் பற்றித்தான். நான் போர்வை முனையைப் பிடித்தபடி நின்றேன். அடுத்ததை எடுங்க அத்தை என்றேன்.

மறுநாள் போனோம். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒரு குழாயில் வாயை வைத்து ஊதச் சொன்னார்கள். "இன்னும், இன்னும், இன்னும்" என்று அந்தப் பெண் உற்சாகப்படுத்தியதில் எனக்குக் கண் இருண்டது. பயப்படாதே, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்: நுரையீரலில் தழும்பு ஒன்றும் இல்லை. தூசியும் தார்ப்புகையும் பட்டு மூச்சுக்குழாய் வீங்கியிருக்கிறது. மருந்தை இழுத்து, புகையை விட்டு விலகியிருந்தால் ஆறிவிடும். இப்படியே போனால் ஆறாது. டாக்டர் சொன்னதை அத்தை திரும்பச் சொல்லச் சொன்னார். பிறகு, "எனக்குப் புரியற மாதிரி, பயமுறுத்தாம, பொய்யும் சொல்லாம இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். டாக்டர் பாவம், மூன்றாம் முறையும் சொன்னார். அத்தை கதவுக்கு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. முழங்கால் வலி என்றார்.

அங்கேயே கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எங்கே எழுதித் தரணும் என்று கேட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாராம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நேராக முதலாளியிடம் போனேன்.

இனி சொல்லப்போவது உனக்கு மட்டும். அம்மாவிடம் மூச்சு விடாதே. முதலாளியிடம், "அத்தை மசியலைங்க. என்ன ஆனாலும் வாபஸ் கிடையாதுன்னுட்டாங்க" என்று சொன்னேன். பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று எனக்கே தெரியாது. கூடவே உண்மையும் ஒன்று சொன்னேன்: குழாயை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டுவதென்றால் நான் ஓட்ட மாட்டேன், முழுசாகச் சரிசெய்வதென்றால் பக்கத்திலேயே நின்று முடித்துத் தருகிறேன். அவர் வேற ஊர், வேற ஊர் என்று மறுபடி ஆரம்பித்தார். "எந்த ஊருக்குப் போனாலும் அங்கயும் ஒரு மாமியார் இருப்பாங்க சார்" என்றேன். என்னையே முறைத்துப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "உங்க வீட்டுல எல்லாருமே இப்படித்தானா?" என்று கேட்டார். என் மனைவியை நீங்கள் இன்னும் பார்த்ததில்லை என்றேன்.

அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. செலவென்றால் பயம், அவ்வளவுதான். புகைபோக்கி வழியாகப் பறந்துபோகிற தூசியும் அவர் விலை கொடுத்து வாங்கிய கல்தான், அதைப் பிடித்து மறுபடி கலவையிலேயே சேர்க்கலாம் என்று விளக்கியதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். வேலை தொடங்கிவிட்டது. புகை முழுவதும் நீளநீளமான துணிப் பைகள் வழியாக வடிகட்டப்பட்டுத்தான் மேலே போகும். கழிவு எண்ணெய்க்குப் பதில் எரிவாயு. கல் குவியலுக்கு மேல் கூரை. ஈரக் கல்லை உலர்த்தத்தான் பாதி நெருப்பு வீணாகிறது. தாரில் துளித் தண்ணீரைச் செலுத்தி நுரைக்க வைத்தால் குறைந்த சூட்டிலேயே கல்லோடு ஒட்டும், புகையும் குறையும். இதைச் சொன்னதும் தீக்குச்சி மட்டும், காலமெல்லாம் நெருப்பை ஏற்றச் சொன்ன ஆலையில் இப்போது இறக்கச் சொல்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டு திரிகிறார்.

நான் இன்னும் ஆலை அறையில்தான் படுக்கிறேன். நெருப்பே இல்லாததால் இங்கே காற்று நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்ப வெட்கமாக இருக்கிறது. அத்தையும் வா என்று சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டில் இப்போது உப்பு இருக்கிறது.

உன்னுடையவன்

-

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த முறை எல்லாரும் நன்றாகவே இருக்கிறோம். தாராளமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீ பயந்து பயந்து படிக்க வேண்டாம்.

ஆலை முதலாளி நம் வீட்டுக்கே வந்தார். வாசலில் நின்று, "நீங்க பிடிவாதமா இருந்தது நல்லதாப் போச்சும்மா. மாப்பிள்ளை அவ்வளவு கெஞ்சியும் வாபஸ் வாங்கலையாமே! வாங்கியிருந்தா நானும் குழாயை மாத்திட்டுச் சும்மா இருந்திருப்பேன்" என்றார். எனக்கு ஒரு நிமிஷம் தலை சுற்றியது. எழுதித் தருகிறேன் என்று பேனாவோடு நின்றவளல்லவா நான்! பிறகுதான் உறைத்தது, நம்மவர் போய் என்ன சொல்லியிருக்கிறார் என்று. முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, நான் எப்பவுமே அப்படித்தான் என்று சொல்லி அனுப்பினேன். எனக்குத் தெரியும் என்பதை அவரிடம் சொல்லிவிடாதே. சாமர்த்தியமாகப் பொய் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார். இருக்கட்டும்.

ஆலையை மறுபடி ஓட்டிக் காட்டிய அன்று தெருவே வேலிக்கு வெளியே கூடிவிட்டது. கண்ணாடி போட்ட அதிகாரியம்மாவும் அவர் ஆட்களும் கருவிகளோடு புகைபோக்கி மேடையில் ஏறி நின்றார்கள். உருளை சுற்றத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் உச்சியிலிருந்து குபுகுபுவென்று வெள்ளையாக எழும்பியது பார், தையற்கடைக்காரம்மா "ஏமாத்திட்டாங்க!" என்று கத்தியே விட்டாள். எல்லாரும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். இத்தனை பாடும் இதற்குத்தானா என்று மாப்பிள்ளையைத் தேடினேன். அவர் வேலியோரம் ஓடி வந்து, "அது ஆவி அத்தை! கல்லுல இருக்கிற ஈரம். கொஞ்சம் மேல பாருங்க, மேல பாருங்க!" என்று கையைத் தூக்கிக் காட்டினார். பார்த்தேன். பானையிலிருந்து வருகிற ஆவி கூரையை எட்டுமுன் காணாமல் போகுமே, அப்படியே கரைந்தது. அதற்கு மேலே வெறும் வானம். கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். தையற்கடைக்காரம்மா, தான் அப்போதே ஆவி என்று நினைத்ததாக இப்போது சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அதிகாரியம்மா போட்ட கண்டிப்பான வரம்புக்கு மிகவும் கீழேதான் தூசி இருக்கிறது என்று பிறகு முடிவு வந்தது. அந்தத் துணிப் பைகளையும் போய்ப் பார்த்தேன். இரண்டு ஆள் உயரம், வரிசை வரிசையாய்த் தொங்குகின்றன. பார்த்தவுடன் எனக்கு வந்த கேள்வி, இதையெல்லாம் யார் துவைப்பது என்றுதான். மாப்பிள்ளை சிரித்தார். காற்றே அவ்வப்போது டப் டப் என்று தட்டி உதறிவிடுமாம். நெடுநேரம் சிரித்தார். நான் காத்திருந்தேன், இப்போது வரும், இப்போது வரும் என்று. இருமல் வரவில்லை.

முதல் லாரி கலவையை ஏற்றிக்கொண்டு போனபோது ரோட்டுக் கான்ட்ராக்டர் திருப்பி அனுப்பப் பார்த்தாராம், புகையே வரவில்லையே, ஆறிப்போனதை என் தலையில் கட்டுகிறீர்களா என்று. தீக்குச்சிக்கு ரோஷம் வந்துவிட்டது. சூட்டைக் குறைப்பதற்கு முணுமுணுத்தவர் அவர்தான். இப்போது யாராவது அதைக் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கலவையில் கொஞ்சத்தை ஆலை வாசலிலேயே கொட்டி, ரோடு ரோலர் ஓட்டி, அதன்மேல் பாரம் ஏற்றிய லாரிகளை விட்டுக் காட்டினார்கள். அசையவில்லை. எல்லா ரோட்டையும் போல அதுவும் ரோடாகிவிட்டது. கான்ட்ராக்டர் காலால் தட்டிப் பார்த்துவிட்டு மீதிக் கலவையை எடுத்துக்கொண்டார்.

எல்லாம் மாயமாக மறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். காற்று நம் பக்கம் திரும்பினால் லேசாகத் தார் வாசனை வரத்தான் செய்கிறது. லாரியில் ஏற்றும் இடத்தையும் மூடப்போகிறார்களாம். மூடும்வரை கேட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் கொடியில் துணி வெள்ளையாக இருக்கிறது. முதல் நாள் மத்தியானம் மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் மொட்டைமாடி ஏறி வந்து, ஒரு போர்வையின்மேல் விரலை ஓட்டி, அந்த விரலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். ஒன்றும் இல்லாத விரலை இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டியதில்லை. பிரசவ வார்டுத் துணிச் சலவையும் மறுபடி நமக்கே கிடைத்துவிட்டது.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நானாகக் கூப்பிடவில்லை, அவரும் கேட்டுக்கொண்டு வரவில்லை. சாப்பாடு கொண்டுபோகிற இஸ்திரிக்காரருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தேன், பசித்தவர் தானே வந்தார். சாப்பிட்டதும் மேலே போய்ப் படுத்துவிட்டார். இரண்டு சட்டையும் பின்னாலேயே வந்தன.

டாக்டரிடம் மறுபடி காட்டினோம். ஊதுகுழாயில் நன்றாக ஊதுகிறார். மருந்தைக் குறைத்துவிட்டார்கள். இதில் எனக்குத்தான் ஒரு தொல்லை. முன்பெல்லாம் இருமல் கேட்டதும் எழுந்துவிட்டார் என்று தெரிந்து தேநீர் போடுவேன். இப்போது எழுந்தாரா இல்லையா என்றே தெரிவதில்லை. போட்ட தேநீர் ஆறிப்போகிறது. ஆறிய தேநீரை நானே குடிக்கிறேன். இத்தனை வருஷத்தில் இவ்வளவு ருசியாக நான் தேநீர் குடித்ததில்லை.

ஒப்பந்தத்தை இன்னொரு வருஷம் நீட்டிக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் வேலை, உன் முடிவு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளையும் சொல்ல மாட்டார். அவர் சுபாவம் உனக்குத் தெரியும். ஒரு விஷயத்தை மட்டும் உன் காதில் போட்டுவைக்கிறேன். மூச்சு நன்றாக வந்துவிட்டதில் உன் புருஷன் குளிக்கும்போது பாட ஆரம்பித்திருக்கிறார். தொண்டை திறந்து, விடியற்காலையிலேயே, தெருமுனைவரை கேட்கிறது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை, முடிவும் இல்லை. நான் மாமியார், எப்படிச் சொல்வேன்? சொன்னால் கேட்கக்கூடியவள் நீ ஒருத்திதான்.

நீ நன்றாக இருக்க வேண்டும், நெஞ்சு நிறைய மூச்சு விட்டுக்கொண்டு நூறு வயது இருக்க வேண்டும். சீக்கிரம் வந்து இந்தப் பாட்டை நிறுத்து.

உன் அம்மா